நெய்தற் கருப்பொருளாக ஒரு கம்பி: வடசென்னை மொட்டைமாடி ஆன்டெனா குறித்த ஆய்வு

உப்பு, சுறா, தாழை, கடற்காகம் என நெய்தல் நிலத்துக்குக் கருப்பொருள்களை முன்னோர் வகுத்துவிட்டனர். ராயபுரம் தொடங்கி எண்ணூர் முடிய விரியும் நெய்தலுக்கு இப்பட்டியல் போதாது. உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக அலைபரப்பிப் பேசும் ஹாம் வானொலிக்காரர் மொட்டைமாடியில் இழுத்துக் கட்டும், இரு கைகளாக நீளும் கம்பியான டைபோல் ஆன்டெனாவையும் அதில் சேர்த்தாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

சான்று என்னை எனின், சிறுபொழுதே சான்று. நெய்தலுக்கு உரியது எற்பாடு. ஹாம்களின் 40 மீட்டர் அலைவரிசையும் அப்பொழுதில்தான் உயிர் பெறுகிறது. பகலில் அயனி மண்டலத்தின் அடியடுக்கு இவ்வலைகளை உறிஞ்சிவிடுவதால் பேச்சு பெங்களூரு, கோவை அளவில் நின்றுவிடும். பொழுது சாய அவ்வடுக்கு கரையும். நமக்கு முன்பே இருட்டிவிட்ட கிழக்கிலிருந்து, வங்கக்கடலுக்கு அப்பாலுள்ள நாடுகள் கேட்கத் தொடங்கும். எற்பாடு மாலையா காலையா என்று உரைகாரர்களிடையே ஒரு வழக்குண்டு. இவ்வலைவரிசை இருவேளையும் திறப்பதால் அவ்வழக்கு இங்கே தள்ளுபடி.

உரிப்பொருளும் பிசகவில்லை. நெய்தலுக்கு இரங்கல். மாலை முழுக்க 'சி.க்யூ., சி.க்யூ.' (யாரேனும் பேச வாருங்கள்) என்று மைக்கில் கூவியும் ஒருவரும் பதில் தராத ஹாமின் முகத்தைப் பார்த்தவர் இதை மறுக்கார்.

அற்றன்று, அது கொடிக்கயிறே என்பார் ஒரு சாரார். இவர்கள் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள், வாதத்தில் வலுவுண்டு. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அரையலை டைபோலின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீட்டர். காசிமேட்டுச் சந்தில் 20 மீட்டர் மாடி யாருக்கு இருக்கிறது? ஆகவே கம்பியின் ஒரு கை அடுத்த மாடிக்குப் போய்த்தான் தீரும். நடுவில் மூங்கில் நட்டு இரு கைகளையும் சரித்துக் கட்டும் தலைகீழ் 'வி' முறையிலோ நுனிகள் கைக்கெட்டும் உயரத்துக்கே இறங்கிவிடும். பிறர் மாடியில் கைக்கெட்டும் எந்தக் கம்பியும் நாளடைவில் கொடியாகத் திரியும்.

இத்திரிபின் இயற்பியலை அறிஞர் கவனிக்கத் தவறிவிட்டனர். ஈரத்துணி ஏறிய கம்பி, தன் அளவைவிட நீண்ட கம்பிபோல் நடந்துகொள்ளும். அதன் ஒத்ததிர்வு கீழிறங்கும். கைக்குட்டை புறக்கணிக்கத்தக்கது. லுங்கி ஐயத்துக்குரியது. கம்பளிப் போர்வை ஏறிவிட்டால் செட்டை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். அணைப்பதில் விளையாட்டு கூடாது. அலைபரப்பும்போது டைபோலின் நுனிகளில்தான் மின்னழுத்தம் மிகுதி. தொட்ட விரல் சுட்டுப்போகும். நுனி யார் கைக்கும் எட்டாமல் இருக்க வேண்டும் என்பது சிரிப்புக்கு அப்பாற்பட்ட விதி.

களச்சான்றும் உண்டு. "இன்னா தம்பி, கேபிள் டிவி ஒயரா? எங்க வூட்டுக்கும் ஒண்ணு இஸ்து வுடேன்" என்றார் திருவொற்றியூர் ஆயா ஒருவர். விளக்கிச் சொன்ன பிறகு, "பேசறதுக்குத்தான் செல்லு கீதே?" என்றார். இதற்கு விடை 2004 டிசம்பரிலேயே கிடைத்துவிட்டது. ஆழிப்பேரலையில் அந்தமானின் தொலைபேசிகள் அறுந்தபோது, போர்ட் பிளேரில் ஹாம் நிலையம் நடத்திக்கொண்டிருந்த பாரதி பிரசாத்தின் குழுதான் செய்திகளைக் கரைசேர்த்தது. சென்னைக்கு ஒலிபரப்பு வந்ததும் இத்தகைய ஆர்வலர்களால்தான்: 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய வானொலிக் கழகம் 1927இல் பணமின்றி மூடப்பட, அதன் கருவியைப் பெற்ற மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. கைக்காசு கரைவது இத்துறையில் தொன்றுதொட்ட மரபு என்பதற்கும் இதுவே ஆவணம்.

கட்டுமானத்தில் நெய்தல் இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கும். கேபிள் இணைப்பில் ஈரம் புகுந்தால், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே செத்திருக்கும். ரப்பர் டேப்பில் கஞ்சத்தனம் ஆகாது. மின்கம்பங்களின் பீங்கான்களில் உப்பும் தூசும் படிந்து, பனி இறங்கும் இரவுகளில் பொறி கசியும். ரேடியோவில் ஓயாத கரகரப்பு. ஒரு பெருமழை பீங்கானைக் கழுவினால் அடங்கும். வடகிழக்குப் பருவமழையை இவ்வளவு தன்னலத்தோடு எதிர்பார்க்கும் கூட்டம் வேறில்லை. தடையை மீறி மாஞ்சாவில் பறக்கும் பட்டங்களுக்கும் இக்கம்பி ஓர் இறுதித் தங்குமிடம்.

ஈடாக இந்நிலம் தருவது கயிறு. காசிமேட்டில் வாங்கும் படகுக் கயிற்றுக்கு நிகரில்லை. முடிச்சை மட்டும் மீனவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்க. பொறியியல் பட்டதாரி போட்டது ஐப்பசிக் காற்றுக்கு நிற்பதில்லை.

முடிபு: ஆன்டெனா கருப்பொருளே, கொடிக்கயிறு அதன் திரிபு. கட்ட விரும்புவோர் முதலில் மத்திய அரசின் தேர்வு எழுதி உரிமம் பெறுக. 12 வயது நிரம்பியவர் எவரும் எழுதலாம். அடுத்து, டைபோலை ஏற்றுமுன் பக்கத்து வீட்டு மாடியில் நல்ல நைலான் கொடி ஒன்றை உம் செலவிலேயே கட்டிக் கொடுத்துவிடுக.