மனிதச் சான்று வேண்டி

பெறுநர்: பாதுகாப்புப் பிரிவு உயர் அலுவலர் அவர்கள் (தளத்தின் பெயர் வேண்டாம், திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்)

பொருள்: மயிலாப்பூர், தி. நகர், அடையாறு வட்டாரத்தாருக்கு மனிதச் சான்று வழங்கக் கோருதல்

பார்வை: தாங்கள் காட்டிய ஒன்பது கட்டப் படம்

ஐயா,

லஸ் முனைக்குப் பக்கத்தில் ஓர் அடுக்ககத்தின் சங்கச் செயலாளர் நான். தண்ணீர் லாரி, லிஃப்ட், வாட்ச்மேன் சம்பளம் போக, தங்கள் தயவில் ஒரு கூடுதல் பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சாவைத் தாண்ட உதவும் ‘பஸ்டர்’ என்ற எக்ஸ்டென்ஷனை நாலு பேருக்கு பிரவுசரில் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து கேப்சா எங்கே மக்கர் பண்ணினாலும் என் வீட்டு பெல்தான் அடிக்கிறது.

நேற்று வந்தவர் கச்சேரி ரோட்டு டெய்லர்.

“சார், ஹைட்ரண்ட்ட தொடச் சொல்லுது. அது என்னா சார்?”

“இங்கிலீஷ் படத்துல கார் மோதினா தண்ணி பீச்சி அடிக்குமே, அது.”

“நம்ம ஊர்ல எங்க சார் கீது?”

தங்களுக்குத் தெரிந்தால் எழுதவும். நம்பர் பலகை தெரியாத தூரத்திலேயே 29சி வருகிறது என்று சொல்லிவிடக்கூடிய மனுஷர் அவர். தங்களுடைய மஞ்சள் பஸ்ஸின் கண்ணாடி பக்கத்துக் கட்டத்தில் நூலளவு நீட்டிக்கொண்டிருந்ததைத் தொடாமல் விட்டதால் இயந்திரம் ஆகிவிட்டார்.

பஸ்டர் செய்வது சின்ன வேலைதான். படம் பார்க்க முடியாதவர்களுக்கென்று இருக்கிற ஹெட்போன் பொத்தானை அழுத்தி, அதில் வரும் குரலைப் பேச்சறியும் மென்பொருளுக்குக் கேட்கக் கொடுத்து, அது சொல்வதைப் பெட்டியில் நிரப்புகிறது. ஆக, நான் மனிதன்தான் என்று ஒரு இயந்திரம் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறது, தாங்களும் உள்ளே விடுகிறீர்கள். 2017லேயே அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த ஒலிச் சோதனையை மென்பொருளை வைத்தே எழுதி, நூற்றுக்கு 85 வாங்கிக் காட்டினார்கள். டெய்லருக்கு அந்த மார்க் வராது.

சில நாள் பஸ்டரையும் மோப்பம் பிடித்து, ‘தானியங்கிக் கோரிக்கைகள் வருகின்றன, பிறகு முயலவும்’ என்று கதவைச் சாத்திவிடுகிறீர்கள். அன்றைக்கு மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

அடையாறு நண்பர் விஷயத்தில் பஸ்டரும் கைவிரித்துவிட்டது. பார்வையற்றவர், வங்கியில் அதிகாரி. தங்கள் தளத்தின் இன்னொரு பக்கத்தில் கோணல்மாணல் எழுத்துக் கேப்சா. அங்கே ஹெட்போன் பொத்தானே கிடையாது. திரையை வாசித்துச் சொல்லும் என்விடிஏ, ‘கிராஃபிக்’ என்று ஒற்றை வார்த்தையோடு அடுத்த பெட்டிக்குத் தாவுகிறது. ஊரார் பணத்துக்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறவர், வீடியோ காலில் போனைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, “படிச்சுச் சொல்லுப்பா” என்கிறார். அது சின்ன ‘எல்’லா, பெரிய ‘ஐ’யா, எண் ஒன்றா என்று நான் முடிவு செய்வதற்குள் டைம் அவுட்.

30.4.2025 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு ஒன்றைத் தங்கள் பிரிவுக்கு யாரும் அனுப்பவில்லை போலிருக்கிறது. கேமரா முன் கண் சிமிட்டினால்தான் ஆள் உயிரோடு இருப்பதாக, அடையாளம் சரிபார்க்கும் கேஒய்சி அப்போது நம்பியதாம். அமில வீச்சில் கண்கள் சிதைந்தவர்கள் எப்படிச் சிமிட்டுவார்கள்? அவர்கள் வழக்குப் போட்டார்கள். இணையச் சேவையை எட்டுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடக்கம் என்று சொன்ன நீதிமன்றம், 20 உத்தரவுகளும் போட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் அதற்கு முன்பே இருக்கிறது. தாங்கள் கேட்பது கண் சிமிட்டலுக்குப் பதில் கண்.

ஒலிச் சோதனை வையுங்கள் என்று கேட்கலாம். அதையும் இயந்திரம்தான் பாஸ் செய்கிறது. ஆகவே எளிய வேண்டுகோள். பில்டிங் வேலையே தேங்கிக் கிடப்பதால், வருகிற வெள்ளிக்கிழமை முதல் என்னிடம் வருகிறவர்களைத் தங்கள் அலுவலகத்துக்கே அனுப்பிவைக்கிறேன். நேரில் பார்த்து, மனிதர்தானா என்று தொட்டுப் பார்த்துச் சான்று கொடுத்துவிடவும். மூன்றாம் மாடி என்று கேள்வி. லிஃப்ட் ஓடுகிறதா என்பதை மட்டும் வியாழக்கிழமைக்குள் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
செயலாளர் (மற்றும் எக்ஸ்டென்ஷன் உதவி மையம், ஊதியமின்றி)