‘டிட் வென்ட்’ முதல் ‘வந்துட்டேன்’ வரை: ஆங்கில இறந்தகாலம் தமிழரிடம் படும் பாடு குறித்த ஆய்வு

1. ஆய்வின் தேவை

ஆங்கிலத்தின் எளிய இறந்தகாலத்துக்கு ‘சிம்பிள் பாஸ்ட்’ என்று பெயர் வைத்தவர் எவரோ, அவர் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடம் எதிலும் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவரல்லர் என்பது இவ்வாய்வின் முதல் துணிபு. முடிந்துபோன செயலை முடிந்துபோனதாகச் சொல்வதில் என்ன சிரமம் இருக்க முடியும் என்று கேட்போர் உளர். இக்கட்டுரை அவர்களுக்கானது.

2. முன்னோர் மரபு

தெரிநிலை வினையில் இறந்தகாலம் காட்ட த், ட், ற், இன் என நான்கு இடைநிலைகளை வகுத்தார் நன்னூலார்: செய்தான், உண்டான், சென்றான், பாடினான். ஆங்கிலேயர் ‘இ, டி’ என்ற ஈரெழுத்து ஒட்டோடு நிறுத்திக்கொண்டனர். சிக்கனம்தான். ஆனால் அந்த ஒட்டு ‘வாக்ட்’ என்பதில் ஓர் ஒலியும், ‘கால்ட்’ என்பதில் வேறோர் ஒலியும், ‘வான்டட்’ என்பதில் தனி அசையுமாக மூன்று வேடம் போடுகிறது. எழுத்தில் மிச்சம் பிடித்ததை உச்சரிப்பில் வசூலித்துவிட்டார்கள்.

இந்தியப் பிள்ளைகளுக்கு இதைப் போதித்த ரென் – மார்ட்டின் இலக்கண நூலின் முதல் ஆசிரியரான பி. சி. ரென், பம்பாயில் கல்வித் துறையில் பணியாற்றியவர். 1924இல் ‘போ ஜெஸ்ட்’ என்ற பாலைவனச் சாகச நாவலையும் எழுதியவர். எந்த நூலில் உயிர்ச்சேதம் அதிகம் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

3. ஒழுங்கற்ற வினைகளின் ஒழுங்கு

‘கோ, வென்ட், கான்’ என்று ராகம் போட்டு ஒப்பித்த எவரும், ‘கோ’வுக்கும் ‘வென்ட்’டுக்கும் என்ன உறவு என்று கேட்டதில்லை. உறவு இல்லை. ‘வென்ட்’ என்பது ‘வென்ட்’ என்றே ஒலித்த, ஆனால் டகரத்தை மெல்ல உச்சரிக்கும் வேறொரு வினையின் இறந்தகாலம். ‘கோ’ தன்னுடையதைத் தொலைத்துவிட்டு, இதைக் கைமாற்றாக வாங்கியது. இன்றுவரை திருப்பித் தரவில்லை.

பழைய ஆங்கிலத்தின் ஒழுங்கற்ற வினைகள் 177ஐப் பின்தொடர்ந்த ஹார்வர்டு ஆய்வாளர்கள், அவற்றுள் 98 மட்டுமே இன்றும் அடங்காமல் திரிவதாக 2007இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அரிதாகப் புழங்கும் வினை விரைவில் விதிக்குக் கட்டுப்படுகிறது. அடிக்கடி புழங்குவது ஆயிரம் ஆண்டானாலும் கட்டுப்படுவதில்லை. செல்வாக்கு உள்ளவருக்கு விதி கிடையாது என்னும் இந்த உண்மை வினைச்சொற்களுக்கு மட்டும் உரியதா என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மாணவர் மன்றத்தில் பெருமதிப்புப் பெற்ற வினைகள் ‘கட், கட், கட்’, ‘புட், புட், புட்’ ஆகியன. முக்காலமும் உணர்ந்த ஞானிகளைப் போல் இவை எக்காலத்திலும் மாறுவதில்லை.

4. இரட்டைப் பூட்டுக் கோட்பாடு

‘ஐ டிட் நாட் வென்ட்’ என்பதைப் பிழை என்று சிவப்பு மையால் சுழிப்பது எளிது; காரணம் காண்பது அரிது. தமிழில் ‘போகவில்லை’ என்னும்போது ‘போக’ என்பதிலும் காலம் இல்லை, ‘இல்லை’ என்பதிலும் காலம் இல்லை. ஆங்கிலமோ ‘டிட்’ என்ற ஓரிடத்தில் மட்டும் காலத்தை வைக்கச் சொல்கிறது. சொந்த மொழியின் எதிர்மறையில் எங்குமே வைத்துப் பழகாதவர், வைக்கச் சொன்னதும் பயந்து இரண்டு இடத்திலும் வைத்துவிடுகிறார். ஊருக்குக் கிளம்பும்போது பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்தும் பார்க்கும் பொறுப்புணர்ச்சியே இது. பொறுப்புணர்ச்சிக்கு மதிப்பெண் குறைக்கும் ஒரே பாடம் ஆங்கிலம்.

5. காலக்குறிப்புச் சொற்கள்

‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘டூ டேஸ் அகோ’ என்பன இறந்தகாலத்துக்கு ஆங்கிலேயர் கேட்கும் சாட்சிகள். சாட்சி வந்துவிட்டால் ‘ஹேவ்’ வரக்கூடாது. நாமோ ‘நேத்தே சொல்லியிருக்கேன்ல!’ என்று சாட்சியையும் ‘இருக்கேன்’ஐயும் ஒருசேர நிறுத்தி வழக்காடுகிறோம். ‘ஐ ஹேவ் டோல்ட் யூ யெஸ்டர்டே’ இப்படிப் பிறந்ததுதான்.

தமிழரின் காலக்குறிப்புகளைக் கள ஆய்வில் கண்டவாறு வகைப்படுத்தலாம்:

(அ) நேத்து: முந்தைய நாள். ‘நேத்துப் பொறந்த பய’ என்னும்போது இருபத்தைந்து ஆண்டு வரை நீளும்.

(ஆ) இப்பத்தான்: காலையில் சாப்பிட்டதும் இப்பத்தான், கடன் வாங்கிப் போன மாதமும் இப்பத்தான்.

(இ) அப்பவே: ‘அப்பவே சொன்னேன்’ என்ற தொடரில் மட்டும் வரும். அப்போது எவரும் சொன்னதற்குச் சான்று இல்லை.

வியப்புக்குரியது ‘அகோ’. ‘ரெண்டு நாளைக்கு முன்னாடி’ என்பதில் ‘முன்னாடி’ எங்கே உட்கார்ந்திருக்கிறதோ, அதே கடைசி நாற்காலியில்தான் ‘அகோ’வும் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலேயர் தமிழ் வரிசையை ஏற்ற அரிய இடம் இது. அவ்விடத்தில் போய் நம்மவர் ‘பிஃபோர் டூ டேஸ்’ என்று திருப்பிப் போடுகிறார். தமிழைத் தலைகீழாக்கினால் ஆங்கிலம் வரும் என்று சிறுவயதில் பதிந்த பாடம், தலைகீழாக்கத் தேவையில்லாத இடத்திலும் வேலை செய்கிறது.

6. ‘வந்துட்டேன்’: மையச் சான்று

ஒருவர் இன்னும் குளிக்கவில்லை. அலைபேசி ஒலிக்கிறது. ‘வந்துட்டேன் சார், பக்கத்துல வந்துட்டேன்’ என்கிறார். இதைப் பொய் என்பார் இலக்கணம் அறியாதார். வரப்போவதை விரைவு கருதி வந்ததாகவே சொல்லலாம் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் அனுமதி வழங்கியுள்ளார். நன்னூலார் அதை மிகுதி, தெளிவு ஆகிய காரணங்களோடு காலவழுவமைதியில் சேர்த்தார். ‘அப்பாவுக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்’ என்பது தெளிவின்பாற்படும்.

ஆக, ஆங்கிலேயரின் இறந்தகாலம் நோட்டரி முத்திரை வைத்த வாக்குமூலம்: செயல் முடிந்திருக்க வேண்டும், தேதியும் வேண்டும். தமிழரின் இறந்தகாலம் காத்திருப்பவருக்குத் தரும் ஆறுதலாகவும் இருக்கும். மாணவர் தடுமாறுவது ஒட்டிலோ அட்டவணையிலோ அன்று. ஆறுதலை வாக்குமூலமாக மாற்ற வேண்டியிருப்பதில்தான்.

7. பரிந்துரைகள்

ஒன்று: ‘டிட்’ பூட்டினால் போதும், இழுத்துப் பார்க்க வேண்டாம் என்று அறிவிக்கலாம். இரண்டு: ‘அகோ’ நம்மவர்தான் என்று முதல் வகுப்பிலேயே அறிமுகம் செய்யலாம். மூன்று: குளிக்காதவர்கள் வெளிநாட்டு மேலாளரிடம் ‘ஐ கேம்’ என்று சொல்லாதிருக்கலாம், தொல்காப்பியரின் சலுகை அங்கே செல்லாது.

8. மேலாய்வு

எதிர்காலம் குறித்த இரண்டாம் பகுதிக்கு நிதி நல்கை வேண்டி விண்ணப்பித்துள்ளோம். ‘பார்க்கலாம்’ என்று பதில் வந்திருக்கிறது. இது எந்தக் காலம் என்பதே அப்பகுதியின் முதல் அத்தியாயம்.