ஆஃப் பண்ணி, ஆன் பண்ணிப் பார்த்தீங்களா?

சர்வர் ரூமிலேயே தலை நரைத்த ஒரு சிஸ்டம் அட்மின், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கே: எந்தப் பிரச்சினை என்று கூப்பிட்டாலும் 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தீங்களா?' என்றுதான் கேட்கிறீர்கள். இதற்கா உங்களுக்குச் சம்பளம்?
– ஒரு கணக்காளர், ஈரோடு

ப: ஆஃப் பண்ணாமலேயே 'பண்ணிட்டேன் சார்' என்பவர்களைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டதாக நம்புகிறவர்கள் எல்லா ஆபீசிலும் இருக்கிறார்கள்.

அதற்காக மருந்தைக் கேலி செய்யாதீர்கள். நிறுத்தாமல் ஓடும் மென்பொருள், வாங்கிய மெமரியைத் திருப்பித் தர மறக்கும். எண்ணிக்கொண்டே போகும் கணக்கு ஒரு கட்டத்தில் நிரம்பி வழியும். போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் இப்படி ஒரு கணக்கு இருந்தது. தொடர்ந்து 248 நாள் மின்சாரத்திலேயே இருந்தால் அது நிரம்பி, நாலு பெட்டிகளும் ஒரே நேரத்தில் கையை விரித்துவிடக்கூடும். 2015-ல் அமெரிக்க விமானத் துறை உத்தரவே போட்டது: அந்தக் கெடு வருவதற்குள் ஒருமுறை விமானத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு.

சோகமான கதையும் உண்டு. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியாட் ஏவுகணைக் கருவி 100 மணி நேரமாக இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கடிகாரம் மூன்றில் ஒரு நொடி பிசகிப் போயிருந்தது. வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறான இடத்தில் தேடி, கோட்டை விட்டது. 28 அமெரிக்க வீரர்கள் செத்தார்கள். திருத்திய மென்பொருள் மறுநாள்தான் வந்து சேர்ந்தது. அதுவரைக்கும் அவ்வப்போது ஒரு ரீஸ்டார்ட் போட்டிருந்தால் தாக்குப் பிடித்திருக்கும்.

கே: ஐ.டி. வேலை என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் டிவி ரிமோட்டைக்கூட என்னிடம் நீட்டுகிறார்கள். என்ன செய்ய?
– கோவில்பட்டி வாசகர்

ப: பேட்டரியை மாற்றிக் கொடுங்கள். அந்த ஐ.டி.யைச் சொல்லித்தானே உங்களுக்குப் பெண் கொடுத்தார்கள்?

கே: மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று, பெரிய எழுத்து போடு, எண் போடு, குறி போடு என்று ஆபீசில் படுத்தி எடுக்கிறார்கள். இந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவான் யார்?
– ஒரு வங்கி ஊழியர், தஞ்சாவூர்

ப: பெயரோடு சொல்கிறேன். பில் பர். என்.ஐ.எஸ்.டி. என்ற அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் இருந்தார். 2003-ல் அவர் எழுதிய ஒரு பிற்சேர்க்கையை உலகத்து ஆபீஸ்களெல்லாம் வேதமாக எடுத்துக்கொண்டன. 2017-ல், ஓய்வு பெற்ற பிறகு, அதில் பெரும்பகுதியை நினைத்து இப்போது வருந்துவதாகப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். நிறுவனமும் அதே ஆண்டு விதியைத் திருத்திவிட்டது: பாஸ்வேர்ட் கசிந்ததற்கு அடையாளம் இல்லாமல் மாற்றச் சொல்லாதே, குறி போடு என்று வற்புறுத்தாதே, நீளமாக வைத்துக்கொள்ள விடு. உங்கள் ஆபீசுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

மாற்றியே தீர வேண்டும் என்றால் மனுஷன் என்ன செய்வான்? 'முருகன்1' அடுத்த காலாண்டில் 'முருகன்2' ஆவார். திருடனுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணத் தெரியும். எந்த ஆபீசிலும் கீபோர்டைத் திருப்பிப் பாருங்கள். செல்லோ டேப் போட்டு ஒட்டிய துண்டுச் சீட்டு இருக்கும். பழைய பாஸ்வேர்டையெல்லாம் வரிசையாக அடித்து, கடைசியை மட்டும் அடிக்காமல் வைத்திருப்பார்கள். எது நடப்பில் இருப்பது என்ற குழப்பம்கூடத் திருடனுக்கு வரக் கூடாது என்ற நல்லெண்ணம்.

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து வையுங்கள். அதைவிட முக்கியம், ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் வைக்காமல் இருப்பது. எங்கோ ஒரு புடவைக் கடையின் தளத்தில் கசிந்ததைத்தான் உங்கள் மெயிலில் போட்டுப் பார்ப்பார்கள். அத்தனையும் ஞாபகத்தில் நிற்காது. பாஸ்வேர்ட் மேனேஜர் பழகிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு நோட்டில் எழுதி வீட்டுப் பீரோவில் வையுங்கள். சிரிக்காதீர்கள். வெளிநாட்டு ஹேக்கர் யாரும் உங்கள் பீரோவை நோண்டத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏற மாட்டான்.

கே: அவசரத்துக்கு எடுக்கும்போது மட்டும் பிரிண்டர் ஏன் மக்கர் பண்ணுகிறது?
– திண்டுக்கல் வாசகி

ப: அவசரம் இல்லாதபோது நீங்கள் அதைத் தொடுவதே இல்லை, அதனால்தான். இங்க்ஜெட்டில் மை, கண்ணுக்கே தெரியாத துளைகள் வழியாக வருகிறது. நாள்கணக்கில் சும்மா கிடந்தால் காய்ந்து அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்க 'கிளீனிங்' என்று ஒன்று நடக்கும், அதற்கும் உங்கள் மைதான் செலவு. அந்த மை காகிதத்துக்கு வராது, பிரிண்டரின் அடிவயிற்றில் இருக்கும் பஞ்சுக்குப் போகும். பஞ்சு நிறைந்துவிட்டதாகக் கணக்கு வந்ததும், நல்ல நிலையில் இருக்கும் பிரிண்டர் 'சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போ' என்று படுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் காகிதம் ஈரம் கோத்து இரண்டிரண்டாக உள்ளே போவது தனிக் கதை.

பிரிண்டர் மேல் வந்த கோபத்தால் உலகத்துக்கு நல்லதும் நடந்திருக்கிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு வந்த ஒரு லேசர் பிரிண்டர் அடிக்கடி காகிதத்தைச் சிக்க வைத்துக்கொண்டது. சிக்கியதும் எல்லோர் திரைக்கும் தகவல் போகும்படி திருத்தலாம் என்று அங்கே புரோகிராமராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் அதன் மூலநிரலைக் கேட்டார். கொடுக்க மாட்டோம் என்றார்கள். அந்தக் கடுப்பு உள்ளேயே புகைந்து, 1983-ல், மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைக்கும் குனு திட்டமாக வெளியே வந்தது. எனக்குச் சோறு போடும் லினக்ஸ் சர்வர்கள் அந்த வழியில் வந்தவை.

மாதம் பத்துப் பக்கம்தான் என்றால் பிரிண்டர் வாங்காதீர்கள், தெருமுனையில் ஜெராக்ஸ் கடை இருக்கிறது. நிறைய அடிக்க வேண்டும், கலர் வேண்டாம் என்றால் கறுப்பு வெள்ளை லேசர். அதில் இருப்பது பொடி, காய்ந்துபோக வழியில்லை.

கே: ஆயுத பூஜைக்கு சர்வருக்குச் சந்தனம், குங்குமம் வைக்கலாமா?
– ஒரு கணினி ஆசிரியை, நாகர்கோவில்

ப: வைக்கலாம் டீச்சர், இடம் பார்த்து. சர்வரின் முகத்தில் இருக்கும் துளைகள் காற்றை உள்ளே இழுக்கும் வழி. அங்கே விபூதிப் பட்டை போட்டால், உள்ளே இருக்கும் ஃபேன் அதை இழுத்து மதர்போர்டுக்கும் பூசிவிடும். பவர் பட்டனைப் பார்த்தால் பொட்டு வைக்கச் செய்த இடம் மாதிரியே இருக்கும். பக்தியோடு அழுத்தி வைத்தால் சர்வர் சமாதி நிலைக்குப் போய்விடும். கற்பூரத்தை வாசலோடு நிறுத்துங்கள், உள்ளே கூரையில் புகையை மோப்பம் பிடிக்கும் அலாரம் இருக்கிறது. பொரிகடலைத் தட்டை அன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள். பொரிக்கு வரும் எலி, கேபிளையும் ருசி பார்க்காமல் போகாது. பொட்டுக்கு ரேக்கின் கதவு போதும்.

மற்றபடி எனக்கு இந்தப் பண்டிகை பிடிக்கும். ஜூலை கடைசி வெள்ளிக்கிழமையை சிஸ்டம் அட்மின்களைப் பாராட்டும் நாள் என்று 2000-லிருந்து கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு யாரும் எங்களுக்கு ஒரு டீகூட வாங்கித் தருவதில்லை. ஆயுத பூஜைக்குச் சுண்டலாவது நிச்சயம்.

கே: ஏ.ஐ. வந்தால் உங்கள் வேலை போய்விடுமா?
– சேலம் வாசகர்

ப: மேஜைக்கு அடியில் தவழ்ந்து போய், கழன்ற பிளக்கைச் சொருகும் ஏ.ஐ. வரட்டும், சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

கே: பேரப்பிள்ளைகளின் போட்டோ எல்லாம் போனிலிருந்து தானாகவே கிளவுடுக்குப் போய்விடுகிறது. பேக்கப் பற்றி நான் கவலைப்பட வேண்டாம்தானே?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், புதுக்கோட்டை

ப: ஐயா, வேண்டாத போட்டோ ஒன்றைப் போனில் அழித்துவிட்டு, கிளவுடில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் காணோம் என்றால் உங்களிடம் இருப்பது கண்ணாடி. நெற்றியைத் துடைத்தால் கண்ணாடிக்குள்ளும் பொட்டு போய்விடும். சில நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும் என்பதெல்லாம் உடனே கவனிக்கிறவர்களுக்குத்தான்.

பெரிய இடத்துக் கதை ஒன்று. கிட்லேப் என்ற நிறுவனம், ஊரில் உள்ள புரோகிராமர்களின் நிரலையெல்லாம் பத்திரமாகக் காப்பதே தொழிலாக உடையது. 2017 ஜனவரி 31 இரவு, அங்கே ஒரு பொறியாளர் அழிக்கும் கட்டளையை வேறொரு சர்வரில் கொடுப்பதாக நினைத்து, முக்கிய சர்வரிலேயே கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி கொண்ட டேட்டாபேஸ் காலி. பரவாயில்லை, பேக்கப் இருக்கிறதே என்று போனால், ஐந்து விதமான ஏற்பாடுகளில் ஒன்றும் உருப்படியாக வேலை செய்திருக்கவில்லை. பேக்கப் எடுக்கும் நிரல் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றேன் என்று அது அனுப்பிய மெயில்களையும் மெயில் சர்வர் ஏற்காமல் தள்ளிவிட்டிருந்தது. வேறு எதற்கோ ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்து வைத்திருந்த நகல்தான் மானத்தைக் காப்பாற்றியது. நடந்ததை மறைக்காமல், மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

'டாய் ஸ்டோரி 2' படமும் தயாரிப்பின்போது இப்படித்தான் அழிந்தது. அங்கேயும் பேக்கப் கைவிட்டது. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற அம்மையாரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் வைத்து ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆகவே ஐயா, ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் நகல் எடுங்கள். அதை மகள் வீட்டில் வைத்து, வருடம் இரண்டு தடவை புதுப்பியுங்கள். வைத்த கையோடு அதிலிருந்து பத்துப் போட்டோவைத் திறந்து பாருங்கள். 'பேக்கப் எடுக்கிறாயா?' என்று யாரையும் கேட்பதில் பயனில்லை, எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'கடைசியாக ரிஸ்டோர் செய்து பார்த்தது எப்போது?' என்று கேளுங்கள். முகம் மாறும்.

கே: அப்டேட் வந்ததும் போடுவதா, பொறுத்துப் போடுவதா?
– திருப்பூர் வாசகர்

ப: வீடு என்றால் உடனே போடுங்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் நிரல் உலகத்தையே ஆட்டியதே, அதற்கான விண்டோஸ் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

ஆபீஸ் என்றால் முதலில் நாலு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்திலிருந்து வந்த ஒரு சின்னக் கோப்பு, 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத் திரையோடு உட்கார வைத்தது. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தவறு தெரிந்து கோப்பைத் திரும்பப் பெற ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் பல இடங்களில் விழுந்த கம்ப்யூட்டரை எழுப்ப, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மனுஷன் போய் நிற்க வேண்டியிருந்தது. (சேலத்து வாசகர் இதைக் கவனிக்கவும்.)

கே: வங்கியின் எஸ்.எம்.எஸ். ஏன் தமிழில் வருவதில்லை?
– காரைக்குடி வாசகி

ப: கஞ்சத்தனம்தான், ஆனால் கணக்கோடு. ஒரு எஸ்.எம்.எஸ்.ஸின் கொள்ளளவு 1,120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் என்பதால் 160 எழுத்து பிடிக்கும். தமிழை யுனிகோடில் அனுப்பினால் 16 பிட் வீதம் 70-தான். அதிலும் 'கொ' என்பது இரண்டு, 'ஸ்ரீ' நாலு. ஆங்கிலத்தில் ஒன்றாகப் போவது தமிழில் இரண்டு மூன்றாக உடைந்து, ஒவ்வொன்றுக்கும் காசு. 160 போதும் என்று 1985-ல் முடிவு செய்தவர் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்ற ஜெர்மானியர். டைப்ரைட்டரில் மனம் போன போக்கில் வாக்கியங்கள் அடித்து, எழுத்தை எண்ணிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, மன்னிக்கலாம். தமிழ்நாட்டில் கிளை வைத்திருக்கும் வங்கியை எதற்கு மன்னிக்க வேண்டும்?

கே: ஒய்2கே மாதிரி இன்னொன்று வருகிறதாமே?
– வேலூர் வாசகர்

ப: வருகிறது. 2038 ஜனவரி 19, செவ்வாய், நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. 1970-லிருந்து நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய கருவிகளுக்கு அதற்கு அடுத்த நொடி 1901-ஆம் ஆண்டாகத் தெரியும். புதிய கம்ப்யூட்டர்கள் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. சுவருக்குள் புதைத்து மறந்துபோன கருவிகளை நினைத்தால்தான் பயம். நான் அப்போது ஓய்வில் இருப்பேன், கூப்பிடாதீர்கள்.

கே: வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவன் வந்து 'உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்' என்று என் அம்மாவை மிரட்டியிருக்கிறான். நான் வீட்டுக்கு வரும்வரை அம்மா நாற்காலியை விட்டு எழவே இல்லை. படித்தவர்தான். எந்த ஆப் போட்டால் இதைத் தடுக்கலாம்?
– திருச்சி வாசகி

ப: ஆப் கிடையாது அம்மா. இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்றும் கிடையாது. போலீஸோ சிபிஐயோ வீடியோ காலில் யாரையும் கைது செய்வதில்லை. படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பேராசிரியர்களும் டாக்டர்களும் ஏமாந்திருக்கிறார்கள். அவன் போடும் முதல் நிபந்தனையைக் கவனியுங்கள்: காலை கட் பண்ணக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது. உங்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டால் அவன் பிழைப்பு கெட்டுவிடும். எவ்வளவு பெரிய அதிகாரி என்று சொன்னாலும் வைத்துவிட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். மரியாதைக் குறைவாக இருக்குமே என்று தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தை நீங்கள்தான் போக்க வேண்டும்.

பணம் போயிருந்தால் 1930. மத்திய அரசின் சைபர் குற்ற உதவி எண். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறி மறைவதற்குள் சொன்னால் இடையில் முடக்க வாய்ப்பு உண்டு. விடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி, அம்மாவின் போன் உறைக்குள் இன்றைக்கே வையுங்கள்.