ஊமைக்காயத்துக்கும் வாய் உண்டு

தமிழ்நாட்டிலேயே அதிகம் வழுக்கும் இடம் எது? குற்றாலத்துப் பாறை என்பீர்கள். இல்லை, போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூம். ரவுடி என்று பிடித்து வருகிறவர்கள் வரிசையாக அங்கே போய் விழுகிறார்கள். அரிவாள் பிடித்த கையாகப் பார்த்து உடைகிறது. மறுநாள் மாவுக்கட்டுப் படம் வாட்ஸ்அப்பில் வரும். நாமும் சிரித்துக்கொண்டே ஃபார்வர்டு செய்வோம். அதே பாத்ரூமுக்கு இருபது வருஷமாகப் போய்வரும் ஏட்டையா மட்டும் ஒருநாளும் விழுந்ததில்லை.

ஸ்டேஷனில் ரைட்டர் எழுதுவது ஒரு டைரி. பிடிபட்டவனின் தோல் எழுதுவது இன்னொன்று. லத்தி பட்ட இடம் முதலில் சிவக்கும். சில மணி நேரத்தில் நீலம் பாரிக்கும். நாலாம் நாள் வாக்கில் பழுப்பு, ஐந்தாறு நாளில் பச்சை, ஒரு வாரம் போனால் மஞ்சள், இரண்டு வாரத்தில் சுவடே இருக்காது. செத்த ரத்த அணுக்களை உடம்பு கொஞ்சங்கொஞ்சமாகக் கரைத்து அப்புறப்படுத்தும் வேலை அது. சிராய்ப்புக்கு வேறு கணக்கு: ஒரு நாளில் பொருக்குத் தட்டும், வாரம் கழித்து உதிரும்.

இதில் மணிக்கணக்குச் சுத்தம் கிடையாது என்பதும் உண்மை. நம் கறுத்த தோலில் நிறமே சரியாகத் தெரியாது. ஆழத்தில் விழுந்த அடி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் மேலே வரும். நேர்மையான டாக்டர் ‘தோராயமாக’ என்றுதான் எழுதுவார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, “அப்போ உங்களுக்கே நிச்சயம் இல்லை!” என்று குறுக்கு விசாரணையில் துள்ளுவார்கள். சரி ஐயா, மணி வேண்டாம். ஒரே முதுகில் சிவப்பும் பச்சையும் அடுத்தடுத்து இருந்தால், அவன் வாரம் முழுக்க வழுக்கினானா? நடுவே வெளுத்து, இருபக்கமும் தண்டவாளம் போல இரட்டைக் கோடு போடும் தரை எந்தக் கம்பெனி டைல்ஸ்? கால் வாரி விழுகிறவனுக்கு உள்ளங்காலிலா அடிபடும்?

கைதானவரை டாக்டர் பரிசோதித்து, காயம் இருந்தால் அது ஏறக்குறைய எப்போது ஏற்பட்டது என்பதையும் எழுத வேண்டும் என்பது சட்டம். பழைய நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 54, இப்போது பி.என்.எஸ்.எஸ். 53. காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியது 1996இல்.

நடப்பது என்ன? ராத்திரி பதினொரு மணி, கேஷுவால்டி. இரண்டு பக்கமும் காக்கி, நடுவே இவன். சட்டையைக் கழற்றச் சொல்ல யாருக்கும் நேரமில்லை. “உடம்புக்கு ஏதும் உண்டா?” அவன் டாக்டரைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுகிறான். ‘புதுக் காயம் இல்லை.’ கையெழுத்து, சீல். அடுத்த பேஷண்ட்.

சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று ஓர் அப்பாவையும் மகனையும் போலீஸார் பிடித்தார்கள். இருவரும் தரையில் உருண்டு புரண்டதில் உள்காயம் என்று எஃப்.ஐ.ஆர். சொல்லியது. சிறைக்கு அனுப்பலாம் என்று அரசு டாக்டரின் சான்றும் கிடைத்தது. மாஜிஸ்திரேட் ரிமாண்டும் கிடைத்தது. 22ஆம் தேதி இரவு மகன் செத்தார், விடிவதற்குள் அப்பா. அதற்குப் பிறகுதான் அந்த உடம்புகளை அவசரமில்லாமல் பார்க்க ஒரு மேஜை கிடைத்தது. பிரேதப் பரிசோதனை மேஜை.

உயிரோடு இருப்பவனுக்கு அந்த மேஜை கிடையாது. ஒரே மூச்சில் போடும் ரிமாண்ட், அதிகபட்சம் 15 நாள். ஊமைக்காயம் முழுசாக மறைய ஆகும் காலமும் ஏறக்குறைய அதே 15 நாள்தான்.