சுவரின் முன் நிற்பவருக்கு: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் பாடசாலைப் பிள்ளைகளைத் தெகல்தொருவ விகாரைக்குக் கூட்டிச் சென்று சுவர்ச் சித்திரங்களைக் காட்டினேன். எல்லோரும் "அழகாய் இருக்கிறது, டீச்சர்" என்றார்கள். அதன்பின் ஒரு வார்த்தையும் வரவில்லை. ரசனை கற்பிக்கக்கூடிய விஷயந்தானா?
– ஓர் ஆசிரியை, மடவளை பஸார்

பதில்: ரசனையைக் கற்பிக்க இயலுமா என்பதைப் பண்டிதர்கள் விவாதித்துக்கொண்டே இருக்கட்டும், பார்க்கக் கற்பிக்கலாம், அதற்கு நீங்கள் ஒருவரே போதும். அடுத்த முறை போகும்போது "அழகு" என்னும் சொல்லைக் கால் மணி நேரத்துக்கு வாசலிலே செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். பிறகு, என்ன நினைக்கிறீர்கள் என்று கேளாமல், என்ன தெரிகிறது என்று கேளுங்கள். எந்த நிறம் அதிகம்? சிவப்பு என்பார்கள். சுவரில் வெற்றிடம் எங்கே? தேடித் தேடிப் பார்த்து, ஓவியன் வெறுமையைப் பொறுக்கமாட்டாமல் ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு பூவை வைத்துவிட்டான் என்று அவர்களே கூறுவார்கள்.

அதன்பின் கதைக்கு வாருங்கள். புத்தருடைய முற்பிறப்புக் கதை நீண்ட பட்டைகளாகச் சுவரில் ஓடுவதையும், வெள்ளை யானையைத் தானம் கொடுத்த வெஸந்தர இளவரசனே சற்றுத் தள்ளி நாடு கடத்தப்பட்டு மனைவி மக்களோடு வனம் ஏகுவதையும், இன்னும் சற்றுத் தள்ளி அந்த மக்களையே ஒரு பிராமணனுக்குத் தாரை வார்ப்பதையும், ஆங்காங்கே நிற்கும் மரங்கள் அலங்காரத்துக்கு மட்டுமன்றி ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் எல்லை வகுக்கவும் நிற்பதையும் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடித்துவிட்டால், அன்று மாலை அவர்களுடைய வாயை மூடுவதுதான் உங்களுக்குப் பெரும்பாடாய் இருக்கும். கூரையை மறக்க வேண்டாம். தலைக்கு மேலே பாறையிலே மாரனுடைய சேனை புத்தரை எதிர்த்துத் திரண்டு நிற்கிறது. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்க்கத் தகுந்த காட்சி அது.

இவற்றைத் தீட்டிய குழுவில் தலைசிறந்தவர் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே, உபசம்பதை என்னும் உயர் தீட்சை பெறாத ஒரு துறவி. விகாரையை எழுப்பத் தொடங்கியவன் 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரை நாயக்க சம்பந்தத்தால் கண்டிச் சிம்மாசனத்துக்கு வந்த வம்சத்தவன். தென்னாட்டிலிருந்து வந்த அரசன், சிங்களத் துறவி, இன்று அந்தச் சித்திரங்களின் எதிரே நிற்கும் மடவளை முஸ்லிம் மாணவிகள் என்று மூன்று உலகங்கள் ஒரு சிறு குகையிலே சந்திப்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் அதைக் கடைசியில் சொல்லுங்கள். முதலிலே சொன்னால் அவர்கள் சுவரை விட்டுவிட்டுக் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

கேள்வி: எனக்குச் சித்திர சாஸ்திரம் ஒன்றும் தெரியாது. தெரியாதவன் ஓர் ஓவியத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாதா?
– ஒரு கடைக்காரர், வத்தேகமை

பதில்: ஆகாது. இந்தத் தீவிலே அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட அத்தாட்சி இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டிலே காசியப்பன் சீகிரியாக் குன்றின்மேல் தன் மாளிகையைக் கட்டியபோது, பாறையின் பக்கத்தில் மேகத்திலிருந்து எழுந்தவர்கள் போன்ற பெண்களைத் தீட்டுவித்தான். அவனுடைய ராஜ்யம் முடிந்து, மாளிகை பாழடைந்து, காவலும் கட்டளையும் போன பிறகும் அந்தப் பெண்களைப் பார்க்க ஜனங்கள் மலையேறி வந்துகொண்டேயிருந்தார்கள். வந்தவர்கள் சும்மா திரும்பவில்லை. பாதையோரத்திலே கண்ணாடிபோல் மெருகிட்ட சுவரில், பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை, தங்கள் மனத்தில் பட்டதைக் கீறி வைத்துவிட்டுப் போனார்கள். பேராசிரியர் செனரத் பரணவிதான வருஷக்கணக்காக அவற்றை வாசித்து, 685 பாடல்களை 1956ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்.

எழுதியவர்களில் பிக்குகள் உண்டு, உத்தியோகஸ்தர்கள் உண்டு, படைவீரர் உண்டு, பெண்களும் உண்டு. ஒருவர் அந்த விழிகளில் மயங்கினார். இன்னொருவர், இவ்வளவு தூரம் நடந்து வந்தும் ஒரு வார்த்தை பேசமாட்டாயா என்று கோபித்துக்கொண்டார். பெண்பிள்ளைகள் சிலர், ஆடவர் இப்படி மயங்குவதைக் கண்டு சலித்துக்கொண்டார்கள். சாஸ்திரம் படித்திருக்கிறாயா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. தாம் கண்டது இன்னது, அது தம்மை என்ன செய்தது என்பதை ஒளிக்காமல் சொன்னார்கள், அவ்வளவே. அந்தச் சித்திரங்களைப் பற்றி அவற்றைத் தீட்டியவர்கள் ஒரு வரிகூட விட்டுச் செல்லவில்லை. பார்த்தவர்கள்தாம் விட்டுச் சென்றார்கள். ஆகையால் அன்பரே, வத்தேகமையில் கடை வைத்திருப்பவருக்கும் வாய் உண்டு, கண் உண்டு, சொல்லுங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு ஆணியோடு சீகிரியாவுக்குப் புறப்பட்டுவிட வேண்டாம். சுவரில் எழுதும் சலுகை பரணவிதானவின் புத்தகத்தோடு பூர்த்தியாகிவிட்டது. நமக்குக் காகிதம் இருக்கிறது.

கேள்வி: ஒரு முறை பார்த்த ஓவியத்தை மறுபடி மறுபடி பார்ப்பதில் என்ன லாபம்?
– வாசகர், கட்டுகஸ்தோட்டை

பதில்: தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடையிலே நாயக்கர் காலத்துச் சித்திரங்கள் இருந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அங்கே நுழைந்து, பூச்சு உதிர்ந்த இடங்களில் உற்று நோக்கியபோது, நாயக்கர் சித்திரத்தின் அடியில் சுமார் ஒன்பது நூற்றாண்டுப் பழமையான சோழர் சித்திரம் காத்திருந்தது தெரிந்தது. ஆண்டு 1931. மறுபடி பார்ப்பதன் லாபம் அதுதான்.

கேள்வி: ஜோர்ஜ் கீற் வரைந்த ஒரு படத்தைப் பார்த்தேன். பெண்ணின் முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. கண்ணோ நேரே என்னைப் பார்க்கிறது. இது பிழை அல்லவா? நம்மூர்க்காரர் என்பதற்காகப் பாராட்டித்தான் ஆகவேண்டுமா?
– கல்லூரி மாணவர், கண்டி

பதில்: ஊர்க்காரர் என்பதற்காகப் பாராட்டவே வேண்டாம், அந்தப் பாராட்டை அவர் விரும்பியிருக்கவும் மாட்டார். 1901இல் கண்டியிலே பிறந்து, திரித்துவக் கல்லூரியில் படித்து, ஆங்கிலப் பழக்கவழக்கமுள்ள பறங்கியர் குடும்பத்திலிருந்து விலகி மலைநாட்டுக் கிராம வாழ்க்கையைத் தேடிப் போனவர் அவர். 1943இல் கொழும்பிலே லயனல் வென்ட் முதலானோரோடு சேர்ந்து '43 குழு' என்னும் ஓவியர் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். பொரளை கோதமி விகாரையின் சுவர்களில் புத்தருடைய சரித்திரத்தை அவர் தீட்டியது 1939, 1940 காலத்தில். அந்த உருவங்களைச் சூழ்ந்து ஓடும் கோடு, வைத்த கையை எடாமல் இழுத்ததுபோல் இருப்பதைப் பாருங்கள்.

கண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் உங்கள் தாயாரை நினைக்கும்போது, அவருடைய முகத்தை ஒரு பக்கத்திலிருந்து மட்டுமா நினைக்கிறீர்கள்? அடுப்பின் முன் குனிந்த பக்கத்தோற்றமும், உங்களை நேராகப் பார்த்த பார்வையும் ஒரே நினைவில் ஒன்றாகவே வருகின்றன. பாரிஸிலே பிக்காஸோவும் அவருடைய தோழர்களும் சாதித்தது அதுதான். கீற் அதைக் கண்டிக்குக் கொண்டுவந்தார். அது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், அதில் பாதகம் ஒன்றும் இல்லை. ஆனால் "பிழை" என்று தீர்ப்பெழுதுமுன், அந்தக் கண் பக்கவாட்டிலேயே இருந்திருந்தால் உங்களை இவ்வளவு தொந்தரவு செய்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். படம் பார்த்ததோடு நில்லாமல் தபால் செலவு செய்து எனக்கு எழுதவும் வைத்துவிட்டதே!

கேள்வி: திரித்துவக் கல்லூரி ஆலயத்தில் டேவிட் பெயின்டர் தீட்டிய சிலுவைக் காட்சியைக் கண்டேன். இயேசுவுக்குத் தாடியே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. கோபமும் ரசனையில் சேர்த்தியா?
– ஒரு கிறிஸ்தவ வாசகி, பேராதனை

பதில்: சேர்த்திதான், அம்மணி, அலட்சியம் ஒன்றுதான் சேராது. பெயின்டர் 1900இல் இந்தியாவிலே அல்மோராவில் பிறந்தவர். ஆங்கிலேயத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் மகன், அந்தக் கல்லூரியிலேயே பயின்று அங்கேயே சித்திரம் கற்பித்தவர். தாம் பார்த்து வளர்ந்த நிலத்தையும் நிறத்தையும் முகங்களையும் வேத நிகழ்ச்சிகளுக்குள்ளே கொண்டுவந்தார். உங்கள் கோபத்தைக் கொஞ்சம் விசாரியுங்கள். அந்தத் தாடி வேதாகமத்திலிருந்து உங்களுக்கு வந்ததா, அல்லது ஐரோப்பாவில் அச்சாகி உங்கள் பாட்டியாரின் வீட்டுச் சுவரில் தொங்கிய படத்திலிருந்து வந்ததா? விசாரித்த பின்பும் கோபம் நிலைத்தால் அது உங்களுடைய நேர்மையான அபிப்பிராயம். அதை நான் மதிக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீடுகளில் உருவப்படம் மாட்டும் வழக்கம் இல்லை. சித்திரக்கலையெல்லாம் எங்களுக்கு எதற்கு?
– ஒரு சகோதரர், மடவளை

பதில்: உருவம் இல்லாவிட்டால் சித்திரம் இல்லை என்று யார் சொன்னது? உங்கள் வீட்டு முன்கூடத்திலே பொன்னெழுத்தில் மாட்டியிருக்கும் திருவசனத்தை அர்த்தத்துக்காக மட்டும் அன்றி, ஒரு தடவையாவது கோட்டுக்காகப் பாருங்கள்: எங்கே தடித்து, எங்கே மெலிந்து, எங்கே வளைந்து அந்தப் பேனா திரும்பியிருக்கிறது என்று. எழுத்தையே கலையின் சிகரமாக உயர்த்திய சமுதாயத்துக்குக் கோட்டின் சுகம் தெரியாது என்று நான் நம்பமாட்டேன். இன்னும் பக்கத்திலே வாருங்கள். நாம் இருக்கும் இந்தப் பாத்ததும்பறைப் பிரதேசத்தின் பெயரைத் தாங்கிய தும்பறைப் பாய்கள் ஹெனவல கிராமத்திலே ஹண என்னும் செடியின் நாரினால் நெய்யப்படுகின்றன. கட்டங்களும் கோணங்களுமாக அவற்றில் ஓடும் கோலங்கள் பல தலைமுறைக் கைகளின் ஞாபகம். 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ அந்தக் கைவினையை மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலிலே சேர்த்தது. அயலிலே இருக்கிற ஒன்றைப் பாரிஸ் நகரத்தார் கண்டு கௌரவித்துவிட்டார்கள். நாமும் ஒரு நாள் போய்ப் பார்க்கலாமே.

கேள்வி: உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வரைய ஆசை. கோடு நேராக வரமாட்டேன் என்கிறது.
– வாசகர், தெல்தெனிய

பதில்: மலைநாட்டிலே நேர்கோடு எங்கே இருக்கிறது? தும்பறை மலையில் ஒன்று கண்டுபிடித்துக் காட்டுங்கள், பிறகு கவலைப்படலாம்.

வரைவதன் பயன் படம் கிடைப்பது மாத்திரம் அன்று. ஒரு பலா இலையை எடுத்து மேசைமேல் வைத்து வரையத் தொடங்குங்கள். அறுபது வருஷமாக நீங்கள் பார்த்த பலா இலையின் நடுநரம்பு எப்படிப் போகிறது, காம்பு எந்த இடத்தில் இலையாக மாறுகிறது என்பது உங்களுக்குத் தெரியாது என்ற விஷயம் இரண்டாம் கோட்டிலேயே வெளியாகிவிடும். கை செய்யும் பெரிய உபகாரம் கண்ணின் சோம்பலைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான். உபகரணம் போதாது என்றும் தயங்க வேண்டாம். பழைய கண்டிச் சித்திரக்காரர் ஒரு வகைப் புல்லையும், தாழையின் வேரையும், அணிலின் மயிரையும் கொண்டே தூரிகை செய்தார்கள். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரமும் கொகட்டு மரத்தின் பாலும், வெள்ளைக்கு மக்குல் என்னும் வெண்களி, கருமைக்கு விளக்குப்புகை, எல்லாவற்றையும் பிடித்துவைக்க விளாம்பிசின். உங்களுக்குக் கண்டிக் கடைத்தெருவில் ஒரு பென்சில் கிடைக்கும்.

கேள்வி: என் பேத்தி என்னை வீட்டைவிடப் பெரிதாக வரைந்திருக்கிறாள். திருத்தலாமா?
– ஒரு தாத்தா, குண்டசாலை

பதில்: கூடவே கூடாது. முக்கியமானவரைப் பெரிதாகவும் கட்டடத்தைச் சிறிதாகவும் வரைவது இந்நாட்டுச் சுவர்ச் சித்திரங்களின் புராதன தர்மம். அவள் தன் வயதுக்கு மீறிய பாரம்பரியத்தில் நிற்கிறாள். தாங்கள் அதைச் சட்டமிட்டு மாட்டுங்கள்.

கேள்வி: பல விகாரைகளிலும் கோயில்களிலும் பழைய சித்திரங்கள் மங்கிக் கிடக்கின்றன. அவற்றின்மேல் புது வர்ணம் பூசிப் பளிச்சென்று ஆக்கினால் என்ன?
– வாசகர், அக்குறணை

பதில்: இதைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது. நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் இந்த அழிவு இன்று நேற்றுத் தொடங்கியதன்று. ஆனந்த குமாரசுவாமி, யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பத்திலே சேர் முத்துக்குமாரசுவாமிக்கு மகனாகப் பிறந்து, இங்கிலாந்திலே நிலவியல் கற்று, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராக வந்தவர், பாறையைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தபோது, பாறையைவிடச் சீக்கிரம் அழியக்கூடிய செல்வம் ஒன்று அங்கே இருப்பதைக் கண்டார். பழைய ஆலயங்கள் பராமரிப்பின்றி இடிந்தும், பராமரிப்பு என்ற பெயரால் சிதைக்கப்பட்டும் வருவதைப் பொறுக்கமாட்டாமல், 1905ஆம் ஆண்டு கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பரம்பரைக் கைவினைஞர்களின் வீடுகளுக்கே போய், கருவிகளையும் கலவைகளையும் அவர்களுடைய வாய்மொழியாகக் கேட்டறிந்து, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். நான் முன்னொரு பதிலில் சொன்ன வர்ண விவரங்கள் இன்று நமக்குத் தெரிவதற்கே அந்த மனிதருடைய உழைப்புத்தான் முதற்காரணம்.

மங்கிய சித்திரத்தில் ஓவியனுடைய கை இருக்கிறது. பளிச்சென்ற சித்திரத்தில் எனாமல் டப்பா இருக்கிறது. சுத்தப்படுத்துவதும் பாதுகாப்பதும் தொல்லியல் திணைக்களத்தாரின் பயிற்சி பெற்ற கைகள் செய்யவேண்டிய வேலை. உங்களூரில் எவராவது வாளியோடு சுவரை நெருங்கக் கண்டால், தயவுசெய்து ஓடிப்போய்த் தடுங்கள். தடுத்துவிட்டு எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: முதல் பதிலை நீங்கள் எழுதுவதற்கு முன்பே தெகல்தொருவ போக முடிவு செய்துவிட்டேன். என்ன கொண்டுபோக வேண்டும்?
– வாசகி, மெனிக்ஹின்ன

பதில்: தீர்க்கதரிசியே, வெளிச்சமான காலையில் போங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை, ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில். விகாரையிலுள்ளவரிடம் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுத்துக்கொள்ளாதீர்கள், பழைய வர்ணத்தின்மேல் மின்னொளி பாய்ச்சாதீர்கள், விரலால் தொடாதீர்கள். கைத்தொலைபேசியைப் பையின் அடியில் வைத்துவிட்டு, இடது பக்கச் சுவரானாலும் வலது பக்கச் சுவரானாலும் ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு அதன் முன் நில்லுங்கள். முழுவதையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க முயலவேண்டாம். மெனிக்ஹின்னவிலிருந்து அதிக தூரமில்லை, மற்றச் சுவருக்கு அடுத்த கிழமை போகலாம். எழுதியதை எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.