உருவிப் பார்க்கும் அத்தை

கேட்டு வாங்கி வைத்தால் செடி வராது, திருடி வைத்தால்தான் வரும் என்பது எங்கள் தெருவின் தாவரவியல். மணி பிளான்ட்டில் தொடங்கிய இந்தச் சட்டம் செம்பருத்தி, நந்தியாவட்டை, ரோஜா வரை நீண்டுவிட்டதால், மதிலுக்கு வெளியே தலை நீட்டும் எந்தக் கிளைக்கும் இங்கே பாதுகாப்பு இல்லை.

இதில் கொஞ்சம் விஞ்ஞானமும் இருக்கிறது என்பது என் கட்சி. கேட்டு வாங்கப் போனால் உட்கார வைத்துக் காபி கொடுப்பார்கள். மருமகள் புராணம் முடிவதற்குள் குச்சி வாடிவிடும். திருடியவனுக்கு அந்த உபசாரம் கிடையாது. ஓட்டமாக வந்து, வெட்டுவாய் காய்வதற்குள் ஊன்றிவிடுகிறான். உறிஞ்ச வேர் இல்லாவிட்டாலும் இலைகள் தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டேதான் இருக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இருப்பதையும் பாதியாக நறுக்குகிறார்கள்.

எங்கள் வீட்டில் குச்சி ஊன்றுவது நான். ஆய்வு செய்வது அத்தை. கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி செம்பருத்தியை ஊன்றுவேன். மறுநாள் காலை கோலம் போட்ட கையோடு அத்தை அதை உருவி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்து, "ஒண்ணையும் காணோமேடா!" என்று திரும்பச் செருகிவிடுவார்.

உள்ளே நடப்பதோ நிதானமான வேலை. நுனி மொட்டிலும் இளந்தளிரிலும் உண்டாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே இறங்கி, வெட்டிய இடத்தில் சேர வேண்டும். காயம் ஆற வேண்டும். பிறகு தண்டின் செல்களே மனம் மாறி வேராகப் புறப்பட வேண்டும். கடையில் விற்கும் வேர்ப்பொடிகள் பலவற்றில் இருக்கும் ஐபிஏவும் ஆக்சின் வகைதான். இத்தனையும் கூடிவந்து எட்டிப் பார்க்கும் பிஞ்சு வேர், அத்தையின் ஒரே இழுப்பில் அறுந்துவிடும். பழி மட்டும் என் கைராசிமேல்.

ஒருமுறை ரோஜாக் குச்சியில் சிவப்பாகத் தளிர் வந்தது. முதல் பூ பிள்ளையாருக்கு என்று முன்பதிவே ஆகிவிட்டது. ஆனால் கீழே வேர் இல்லை. வருமானமே இல்லாமல் சேமிப்பை எடுத்துக் கல்யாணம் நடத்தியவர் கதைதான். தண்டிலிருந்த கையிருப்பு தீர்ந்ததும் தளிர் கருகிப்போனது.

ஆகவே, வீட்டில் அத்தை உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மண்ணில் ஒரு குச்சி ஊன்றினால், கண்ணாடி பாட்டில் தண்ணீரில் ஒரு மணி பிளான்ட் கொடியும் போட்டு வையுங்கள். அதன் வேரை வெளியிலிருந்தே பார்க்கலாம். எதையும் உருவ வேண்டியதில்லை.