ஆங்கிலச் சொல் ஆயிரம் பாடமாக்கும் வழி

ஏ.எல். எடுக்கப்போகும் தம்பி, தங்கச்சிமாரே, முதலில் தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்குங்கோ. நடுவில் சிவப்புப் பேனையால் கோடு. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் கருத்து. பழைய கலண்டர் தாளால் உறை போடுங்கோ. சாமிப்படம் உள்பக்கம் போகட்டும். வெளியே தெரிந்தால் பிறகு முறிகண்டியில் கச்சான் சுத்தக் கொடுக்க மனம் வராது. ஏ எழுத்தில் அறுபது சொல் முத்துமுத்தாக எழுதுவீர்கள். பீயில் பதினைந்து. சீயில் பேனை மை முடிந்துவிடும். பயப்படவேண்டாம், எல்லாருக்கும் அங்கேதான் முடிகிறது.

பிறகு கொப்பியை மூடிவிட்டுப் பௌதிகவியல் வகுப்புக்கு ஓடுங்கோ. பொது ஆங்கிலத்தில் எடுக்கும் புள்ளி இசட் புள்ளியில் ஒரு தசமம்கூடச் சேராது. அதனால்தான் பௌதிகவியல் சேரின் கொட்டிலில் வாங்கு பிடிக்க விடிய ஐந்து மணிக்குச் சைக்கிள் மிதிக்கிறோம். ஆங்கில ரீச்சரின் கொட்டிலில் நாலு பிள்ளைகளும் ஒரு நாயும். (நாய் மட்டும் ஒழுங்காக வரும்.) இதைச் சோம்பல் என்பவர்களுக்குக் கணக்குத் தெரியாது.

கணக்குப் பிழைப்பது அறிவியல்நகரில். மூன்று பாடமும் தமிழில் எழுதி, பொறியியல் பீடத்துக்கு எடுபட்டு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமே கிளிநொச்சிக்கு வந்திருக்கிறது, ஊர்ப்பக்கம்தானே என்று போய் இருந்தால் விரிவுரை முழுக்க ஆங்கிலம். இரண்டு வருடம் நித்திரையிலும் உந்தம், உராய்வு என்று பிதற்றிய பிள்ளைக்கு மொமென்ரம் யார் வீட்டுப் பிள்ளையென்று தெரியாது. 2021இல் பல்கலைக்கழகமாகிய வவுனியா வளாகமும் இந்த விஷயத்தில் இரக்கம் காட்டாது.

ஆகவே வீட்டில் கிடப்பதிலிருந்து தொடங்குங்கோ. வன்னியில் ஆங்கிலம் இல்லையென்று ஆர் சொன்னது? தறப்பாள் ஆங்கிலம். பங்கர், ரென்ற், ஐ.டி.பி. எல்லாம் பள்ளிக்கூட வாசல் மிதியாத கிழவிக்கும் தெரியும். செல் என்றால் உயிரியல் ரீச்சர் கலம் என்பா. அம்மா குப்புற விழுந்து படுப்பா.

டிஸ்பிளேஸ்மென்ற் எனக்கு மனதில் ஏறியதும் இப்படித்தான். பாடப்புத்தகத்தில் இடப்பெயர்ச்சி. எவ்வளவு தூரம் சுற்றினாலும், புறப்பட்ட புள்ளிக்கே திரும்பி வந்தால் அது பூச்சியம். முற்றத்தில் ஈர்க்கால் கீறி அம்மம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவா 2008இல் கிளிநொச்சியால் வெளிக்கிட்டவ. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், பிறகு மெனிக்பாம் முகாம். 2010இல் திரும்ப அதே காணி.

கீறலைக் கொஞ்ச நேரம் பார்த்தா.

"அப்ப எனக்குச் சைபரோ?" என்று கேட்டுவிட்டு வெற்றிலைத் தட்டத்தைத் தன் பக்கம் இழுத்தா.